அக்கா அடித்த பந்தைப் பற்றிச் சில திருத்தங்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்து, "ஓகோ, அப்படியா சேதி" என்று என்னைப் பார்ப்பதைவிட அது மேல்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு கதை எழுதினேன். ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றியது. நீராவி, வெந்துபோன விரல்கள், குவிந்துகொண்டே இருக்கும் போர்வைகள், அவள் ஒருபோதும் எட்டிப் பார்க்காத ஜன்னல் என்று எல்லாம் போட்டிருந்தேன். கதைக்கு நல்ல பெயர் கிடைத்தது. முன்பின் தெரியாதவர்கள்கூடக் கூப்பிட்டு, கண் கலங்கிவிட்டது என்றார்கள். நானும் கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். அந்த மிதப்பில் கதையை என் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அக்கா பத்தொன்பது வருடமாக மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தாள்.

"பாவம்டா இவ," என்றாள். "எனக்கே அழுகை வந்துருச்சு. யாரு இது?"

அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். இரண்டு வரி படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"நானா இது?"

"அப்படியே நீன்னு சொல்ல முடியாதுக்கா. ஒரு மாதிரி..."

"ஏன்டா, இதுல நான் ஒரு தடவைகூட சிரிக்கல. வேலையில ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிரிக்கிறோம் தெரியுமா உனக்கு? வயிறு வலிக்கச் சிரிப்போம். அப்பறம் அந்த ஜன்னல். அது வழியா நான் தினம் எட்டிப் பாக்குறேன். கீழ எவன் வண்டியைத் தூண்ல இடிக்கப் போறான்னு பாக்குறதுக்கு அங்க இடத்துக்கு அடிதடியே நடக்கும்."

தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினாள்.

"இன்னொண்ணு எழுது. இந்தத் தடவை நான் மட்டையைப் புடிச்சு அடிக்கிறதை எழுது. பாக்காததை மட்டும் எழுதாத."

எழுத வேண்டியதாயிற்று. இதுவரை ஆறு முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவள் திருத்தினாள். திருத்தங்களில் சிலவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.

2

தொடக்கம் வேண்டுமே. ஒரு வாரம் முட்டி மோதியதில் கிடைத்தவை இவை.

(அ) அவள் தன் இடுப்பை மெல்லத் திருப்பியபோது—

நிறுத்திவிட்டேன். சொந்த அக்காவைப் பற்றிய வாக்கியம் இது. எழுதிய கையே கூசியது.

(ஆ) இடை என்பது—

இது இன்னும் மோசம். 'இடை' என்று எழுதிய மாத்திரத்தில் பின்னால் வரும் சொற்கள் எல்லாம் தலைவாரிப் பூச்சூடிக்கொண்டு வந்து நிற்கின்றன. 

(இ) மனித உடலின் இடுப்பெலும்பு, தொடையெலும்புகளோடு சேரும் இடத்தில்—

டாக்டர் வந்துவிட்டார். கதை எழுந்து வெளியே போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால், நம் எழுத்தில் பெண்ணின் இடுப்புக்கு இரண்டே இரண்டு வேலைதான் கொடுத்திருக்கிறோம். மெலிவது ஒன்று, வலிப்பது இன்னொன்று. கவிதையில் மெலிந்துகொண்டே போகிறது, தைல விளம்பரத்தில் வலித்துக்கொண்டே இருக்கிறது. அதே இடுப்பு ஒரு பந்தை அறுபது மீட்டருக்கு அப்பால் அனுப்புவதைச் சொல்ல எனக்குக் கைவசம் ஒரு வாக்கியம்கூட இல்லை. இந்தக் குறையை அக்காவிடம் சொல்லி அழுதேன்.

"அது என்னோட உறுப்புடா," என்றாள். "கை மாதிரி, கால் மாதிரி, அதுவும் வேலை செய்யுது. அதை எழுத என்ன வெக்கம் உனக்கு? முழங்கைன்னு எழுத வெக்கப்படுவியா?"

முழங்கைக்கு யாரும் வெட்கப்படுவதில்லை. ஆகவே:

(ஈ) ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் அக்கா தோளில் மட்டையைச் சாய்த்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினாள்.

இதற்கு அவள் ஆட்சேபம் சொல்லவில்லை. "ஆறே முக்கால்" என்று மட்டும் திருத்தினாள்.

3

விளையாட்டு சாஃப்ட்பால். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் பந்து வீசுவார், ஒருவர் உருட்டு மட்டையால் அடிப்பார், அடித்தவர் மூன்று தளங்களைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். இந்தக் கதைக்கு இவ்வளவு போதும். இன்னும் ஒரே ஒரு விதி வேண்டும், அதை வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

மருத்துவமனையில் பிரிவுக்குப் பிரிவு பெண்கள் அணி உண்டு. சமையலறை அணி, மருந்தக அணி, கோப்பறை அணி. சலவைப் பிரிவு அணியை ஆறு வருடம் முன்பு தொடங்கியவள் அக்கா. முதல் வருடம் கிழிந்த போர்வைகளைப் பையில் திணித்துத் தளங்களாகப் போட்டார்கள். ஆள் போதாமல் ஒரு ஆட்டத்தில் காவலாளியின் மனைவியைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். இப்போது நிலைமை வேறு. ஆட வேண்டும் என்று பதினாறு பேர் நிற்கிறார்கள். இடம் பத்துதான்.

அதனால் ஒரு விதி. பருவம் முடிந்ததும், அடுத்த பருவத்துக்கான பத்துப் பெயர்களைக் கேப்டன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்துத்தான் பெயர் போட வேண்டும். மூத்தவள், பழகினவள், அணியைத் தொடங்கினவள் என்றெல்லாம் எதுவும் செல்லாது.

இந்த விதியைப் போட்டதே அக்காதான்.

இந்தப் பருவத்தில் அக்கா பதினாலு முறை மட்டை பிடித்தாள். பதினாலு முறையும் பந்து தரையோடு உருண்டு எதிரணிக்காரியின் கையில் தானாகப் போய் உட்கார்ந்தது. ஒரு முறைகூட அவள் முதல் தளத்தை எட்டவில்லை. உலர்த்தும் பகுதியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பயிற்சியில் வெளுத்து வாங்குகிறாள். பட்டியலில் பத்தாவது பெயர் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரிந்த கேள்வியாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம்.*

* முந்தைய வடிவத்தில் இங்கே கேப்டனைக் கொஞ்சம் கெட்டவராக்கியிருந்தேன். கதைக்கு எதிரி வேண்டுமே என்ற சபலம். அக்கா அந்தப் பத்தி முழுவதையும் குறுக்காகக் கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில், "அவ தங்கமான பொண்ணு. நியாயமா நடந்துக்குறா. நீ சும்மா இரு" என்று எழுதிவைத்தாள். கேப்டன் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிறவர், அக்காவைவிடப் பத்து வயது இளையவர். அக்காவின் பெயரை எடுத்துவிட்டால் அவருக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் எடுப்பார்.

"நான் வேணா கேப்டன்கிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்காக எவகிட்டயும் நீ பேசப்படாது," என்றாள் அக்கா. "என் பேர் அந்தப் பட்டியல்ல இருக்கணும்டா. ரொம்ப ஆசையாத்தான் இருக்கு. ஆனா அடிச்சு வரணும். சிபாரிசுல வந்துச்சுன்னா நானே கிழிச்சுப் போட்டுருவேன்."

4

குறை எங்கே என்று கேப்டன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"கையால அடிக்கிறீங்கக்கா. இடுப்பைத் திருப்புங்க. பலம் அங்கேருந்துதான் வரும்."

அக்கா செல்பேசியில் வீடியோக்களைப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒன்றையே சொல்கின்றன. முன்காலை ஊன்றியதும் பின்பக்க இடுப்பு முன்னே பாய வேண்டும். பின்குதிகால் தானாக எழும்பும். தொப்புள் பந்து வீசுபவரைப் பார்க்கும். அந்த நேரத்திலும் தோளும் கையும் பின்னாலேயே இருக்க வேண்டும். உடம்பு நடுவில் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு அவிழும் வேகத்தில்தான் மட்டை வருகிறது. கை கடைசியில் வந்தால் போதும்.

புரிந்துவிட்டது. செய்ய வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குச் சலவைப் பிரிவுச் சுவரில் ஒரு சாட்சி ஒட்டியிருக்கிறது.

ஈரப் போர்வை மூட்டை கல் போலக் கனக்கும். அதைத் தூக்கிக்கொண்டு இடுப்பைத் திருப்பினால் முதுகு போய்விடும். ஆகவே பாதுகாப்புச் சுவரொட்டி: "இடுப்பைத் திருப்பாதே. காலை நகர்த்து." இரண்டு படங்கள். இடப்பக்கம் மூட்டையோடு முறுக்கிக்கொண்டு நிற்கும் பெண், மேலே சிவப்புப் பெருக்கல் குறி. வலப்பக்கம் காலையே நகர்த்தி முழு உடம்பாகத் திரும்பும் பெண், மேலே பச்சைச் சரிக்குறி. இரண்டிலும் இருப்பது அக்காதான். பிரிவின் பாதுகாப்புப் பொறுப்பாளர் அவள். தவறான படத்துக்கு முறுக்கிக்கொண்டு நிற்கச் சொன்னபோது அவளுக்கு அது வரவே இல்லையாம். படம் எடுத்தவர் நாலு தடவை சொல்லிப் பார்த்து அலுத்துப்போய், வந்தவரை போதும் என்று எடுத்துக்கொண்டாராம்.

பத்தொன்பது வருடம். அவள் பிரிவில் ஒருத்திக்கும் முதுகு பிடித்தது கிடையாது. அதில் அவளுக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அதன் பலன் மைதானத்தில் தெரிந்தது. துவைக்கும் பகுதிப் பெண்கள் அத்தனை பேரும் பந்து வரும்போது இரண்டு காலையும் நகர்த்தி, பீரோவைத் திருப்புகிற மாதிரி மொத்த உடம்பையும் ஒன்றாகத் திருப்பி, மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி மட்டையை நீட்டினார்கள். எதிரணிக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இப்படி ஆடும் அணியை அவர்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

"எதைச் செய்யாதேன்னு பத்தொன்பது வருஷமா கத்துறேனோ, அதைச் செய்யுன்னு சொல்றான் இந்த வீடியோக்காரன்," என்றாள் அக்கா.

[ஐந்தாம் பகுதியை எடுத்துவிட்டேன். அதில் எங்கள் குழந்தைப் பருவம் இருந்தது. "இது எதுக்குடா இங்க?" என்று அக்கா கேட்டாள்.]

6

அவளுக்கு எப்படி வந்தது என்பதை நான் முதலில் இப்படி எழுதினேன்:

ஒரு நாள் சலவைப் பிரிவுக்குச் சென்றிருந்த நான், அவள் நடப்பதைக் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று எனக்குள் ஒரு பொறி—

"நீ எப்படா எங்க லாண்டரிக்குள்ள வந்த?" என்றாள் அக்கா. "வாசல்ல நின்னு ஃபோன் பண்ணுவ. வாசனை ஒத்துக்கலைன்னு மூக்கைப் பொத்திக்குவ. பொறியாம், பொறி."

உண்மை. ஆகவே அவள் சொன்னதையே தருகிறேன்.

"புதன்கிழமை மத்தியானம். ரெண்டு கையிலயும் கூடை. துவைக்கிற ரூமுக்கும் காயப்போடுற ரூமுக்கும் நடுவுல ஒரு தள்ளுகதவு இருக்கு. கையில கூடை இருந்தா எப்படித் திறக்கறது? எப்பவும் போல இடுப்பால ஒரு இடி விட்டேன். கதவு தெறிச்சுப் போச்சு. நான் அப்படியே நின்னுட்டேன். இடுப்பு முன்னாடி போயிருச்சுடா. கூடை இன்னும் பின்னாடியே இருக்கு. தோள் வரல, கை வரல. இதைத்தானே அந்த வீடியோக்காரன் தொண்டை வத்தக் கத்துறான்! நான் நின்ன நிலையில கதவு திரும்பி வந்து என் முட்டியில அடிச்சுது. பின்னாடி வந்தவ, 'என்னக்கா, புடிச்சுக்கிச்சா?'ன்னு கேக்குறா."

பிடித்துக்கொள்ளவில்லை. கூடையை இறக்கி, காலிக் கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு, அக்கா அந்தக் கதவின் வழியாகப் பதினொரு முறை போய்வந்தாள். பன்னிரண்டாவது முறை கதவுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். அங்கேதான் சுவரொட்டி இருக்கிறது. இடுப்பைத் திருப்பாதே என்று அவள் படம் சொல்ல, அதன் காலடியிலேயே ஒரு நாளைக்கு நாற்பது முறை, பத்தொன்பது வருடமாக, இடுப்பைத் திருப்பிக் கதவை இடித்திருக்கிறாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாளாம். காரணம் தெரியாமலே மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

 அன்று மாலையே துவைக்கும் பகுதிக்குப் புது உத்தரவு பிறந்தது. ஈர மூட்டையோடு யாரும் கதவை இடிக்கக் கூடாது, ஒருத்தி பிடிக்க வேண்டும், ஒருத்தி போக வேண்டும். காலிக் கூடை என்றால் இஷ்டம் போல இடிக்கலாம். இதையும் எழுதச் சொன்னாள். பொறுப்பாளர் அல்லவா.

அதன்பிறகு இரண்டு வாரம் வீட்டில் சாத்தியிருந்த கதவு எதுவும் நிம்மதியாக இருக்கவில்லை. மைதானத்தில் முதல் சில நாட்கள் இடுப்பு போய்விட்டது, கை வந்து சேரவில்லை. பந்து மட்டைக்கும் அவளுக்கும் நடுவில் புகுந்து போயிற்று. அவள் அசரவில்லை.

இந்த இடத்தில் எழுத்தாளனாக எனக்கு ஒரு சந்தேகம். செய்து பார்க்காத ஒன்றை எப்படி எழுதுவது? தரை துடைக்கும் கம்பை எடுத்துக்கொண்டு என் அறையில் நின்றேன். முன்கால், பின் இடுப்பு, தொப்புள், கடைசியில் கை. கம்பு புத்தக அலமாரியில் இரண்டாம் தட்டைத் தாக்கியது. என் கழுத்து நாலு நாள் ஒரே பக்கம் பார்த்தது. ஆனால் அடிப்பதற்கு முந்தைய கணம், வயிற்றுக்குக் கீழே ஏதோ ஒன்று துணியைப் பிழிகிற மாதிரி முறுகியதை உணர்ந்தேன். இவ்வளவு நாள் அது அங்கேயே இருந்திருக்கிறது.

7

கடைசி ஆட்டம், மருந்தக அணியோடு. ஸ்கோர் எழுதியவன் நான். "எழுதுறவன்தானே, நீயே எழுது" என்று ஆறு வருடமாக அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

கடைசிச் சுற்று. மருந்தகம் ஒன்பது, சலவை மூன்று. தோல்வி நிச்சயம். சலவை அணியில் ஒருவர் ஏற்கெனவே அவுட். மூன்றாம் தளத்தில் கேப்டன் நின்றார். அடிக்க வந்தது அக்கா. பருவத்தில் அவளுக்குப் பதினைந்தாவது முறை, கடைசி முறையும்கூட.

சொல்லாமல் வைத்திருந்த விதி இதுதான். அடித்த பந்தை எதிரணிக்காரர் தரையில் விழாமல் பிடித்துவிட்டால் அடித்தவர் அவுட். ஆனால் தளத்தில் நிற்பவர் பந்து பிடிக்கப்படும்வரை தளத்திலிருந்து காலை எடுக்காமல் காத்திருந்துவிட்டு ஓடலாம். ஓடி வந்து சேர்ந்தால் அந்த ஓட்டம் செல்லும்.

பந்து உயரமாக, சோம்பலாக வந்தது. அக்காவின் முன்கால் ஊன்றியது. பின்குதிகால் எழும்பியது. இடுப்பு கிளம்பிவிட்டது, கைகள் காதருகே அப்படியே நின்றன, ஒரு கணம் அவள் இரண்டு பெண்களாகத் தெரிந்தாள், ஒருத்தி போய்விட்டவள், ஒருத்தி வரப்போகிறவள். பிறகு மட்டை வந்தது. பந்து நேராக மேலே ஏறி, வெயிலில் ஒரு நிமிஷம் தங்கி, வாகன நிறுத்தத்தை நோக்கிப் போயிற்று. மருந்தகத்தின் உயரமான பெண் பின்னோக்கி ஓடினாள், ஓடினாள், மைதானத்தின் எல்லைக் கயிறு முதுகில் இடிக்கும்வரை ஓடி, அங்கே பிடித்தாள்.

அவுட்.

கேப்டன் மூன்றாம் தளத்திலிருந்து பாய்ந்து வந்து சேர்ந்தார். ஒன்பதுக்கு நாலு. தோற்கப்போகும் அணி அப்படிக் கூச்சல் போட்டு நான் பார்த்ததில்லை. முதல் தளத்துக்குப் பாதி வழியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. நாற்பத்தாறு வயது. அவள் என் அக்கா என்று பக்கத்திலிருந்த மருந்தகத்து ஆட்களிடம் நானே போய்ச் சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

அடுத்தவளும் அவுட்டாக, மூன்று அவுட்டோடு ஆட்டம் முடிந்தது. அக்கா நேராக என்னிடம் வந்தாள்.

"பாத்தியாடா?"

"பாத்தேன்க்கா."

8

இங்கே முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

முடிவு ஒன்று. பந்து கயிற்றைத் தாண்டிப் போகிறது. ஒரே அடியில் ஆட்டம் ஜெயிக்க வசதியாக ஸ்கோரை ஏழுக்கு ஆறு என்று மாற்றிவிட்டேன். எல்லோரும் அக்காவைத் தூக்கிக்கொண்டு—

"ஒன்பதுக்கு நாலு," என்றாள் அக்கா. "தூக்கிக்கிட்டா? என்னையா? மறுநாள் எத்தனை பேருக்கு முதுகு புடிச்சுக்கும்?"

முடிவு இரண்டு. அவள் மட்டையை வீசுகிறாள், அது காற்றைக் கிழிக்கிறது, பந்து பின்னால் போய்விடுகிறது. காலி மைதானத்தில் அவள் மட்டும் நிற்கிறாள். என் பழைய வாசகர்களுக்கு இது பிடிக்கும்.

"மறுபடியும் என்னை அழ வெக்கிறியா நீ?"

முடிவு மூன்று, நடந்தது. அதை இரண்டு முறை படித்தாள். பந்து மேலே ஏறும் பத்திக்கு வந்ததும் விரலை வரியின் மேல் வைத்து, மெதுவாகப் படித்தாள்.

"அவுட்டு. அவுட்டுன்னே எழுதியிருக்க, சரி. அந்தப் பொண்ணு முதுகு கயித்துல இடிச்சுதுன்னு இருக்கு, அதையும் எடுத்துராத." விரலை வரியிலிருந்து எடுக்கவில்லை. "அப்படியாடா இருந்தேன் நான்? ரெண்டு பேர் மாதிரி?"

"ஆமாக்கா."

அந்தப் பத்தியில் மட்டும் அவள் ஒன்றையும் திருத்தவில்லை. ஆறு வடிவங்களில் இதுதான் முதல் தடவை. எழுத்தாளனாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

9

இந்தப் பகுதியை அக்கா படிக்கவில்லை. இது கேப்டனுக்கு.

கேப்டன், சனிக்கிழமை ஸ்கோர் புத்தகத்தை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். திங்கட்கிழமை நீங்கள் பட்டியலை ஒட்டுவீர்கள். புத்தகத்துக்குள் இந்தத் தாள்களையும் வைத்திருக்கிறேன். இது சிபாரிசு—

சிபாரிசு இல்லை என்று எழுத வந்தேன். நம்ப மாட்டீர்கள். நானே நம்பவில்லை. ஆகவே கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, ஒப்புக்கொள்ள வேண்டியதை எழுதுகிறேன்.

நான் பார்க்கவில்லை.

அக்கா மட்டையைத் தூக்கி நின்றபோது, அவள் நின்ற விதத்துக்கு ஒரு நல்ல உவமை தோன்றியது. மறந்துவிடுமே என்று குனிந்து புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். அப்போது சத்தம் கேட்டது. அதற்குமுன் அவள் மட்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை. நிமிர்ந்தேன். கயிற்றில் முதுகு இடிக்க ஒருத்தி பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணால் கண்டது அது மட்டும்தான். எழும்பிய குதிகால், காதருகே நின்ற கைகள், வெயிலில் தங்கிய பந்து, இரண்டு பெண்கள், எல்லாம் வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்து எழுதியவை. பாதி வீடியோவிலிருந்து எடுத்தேன், பாதி என் கழுத்து சுளுக்கியதிலிருந்து எடுத்தேன். ஓரத்தில் குறித்த உவமையைப் பிறகு படித்துப் பார்த்தேன். சுமார்தான்.

பார்த்தாயா என்று அவள் கேட்டபோது பார்த்தேன் என்று சொன்னேன். தன்னைத் தானே பார்க்க முடியாதவள், நான் எழுதியதை நம்பி, விரல் வைத்துப் படித்தாள். என் வாழ்க்கையில் நான் எழுதிய வேறு எதையும் யாரும் அப்படிப் படித்ததில்லை. பார்க்காததை எழுதாதே என்று அவள் சொன்னது ஒன்றே ஒன்று. சரியாக அதைத்தான் செய்திருக்கிறேன். இருந்தும் அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. என்னை நினைத்தால்தான் இல்லை.

புத்தகத்தில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. அக்கா பெயருக்கு எதிரே பதினைந்து முறை, பதினைந்து அவுட். பெரிய ஆட்டங்களில் இப்படி அவுட்டாகி ஓட்டம் வாங்கிக் கொடுப்பதற்குத் தனிப்பெயரும் மரியாதையும் உண்டாம். நம் புத்தகத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. அந்த நாலாவது ஓட்டம் உங்கள் பெயருக்கு எதிரே பதிவாகியிருக்கிறது. விதிப்படி அது உங்களுடையது. பத்தாவது பெயரை எப்படிப் போட்டாலும் அக்கா உங்களைக் குறை சொல்ல மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் கதை முடியவில்லை. அதை முடிக்க எனக்கு யோக்கியதையும் இல்லை. பந்து பிடிக்கப்படும்வரை தளத்திலிருந்து காலை எடுக்கக் கூடாது என்பதால், நம் அணியில் மட்டையிலிருந்து கயிறுவரை அந்தப் பந்தை விடாமல் பார்த்தே ஆக வேண்டியிருந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். இதற்கு அடுத்த தாள் வெறுமையாக இருக்கிறது.

மூன்றாம் தளத்திலிருந்து பார்க்க எப்படி இருந்தது, கேப்டன்?